சமத்துவ நாளில் யாழினிக்குக் கிடைத்த வேஷம்

1

இந்த ஆண்டும் புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். பொட்டும் வைக்க வேண்டுமாம். "போன தடவை ரொம்பச் சின்னதாக வைத்திருந்தாய், குழந்தைகளின் கண்ணுக்கே தெரியவில்லை" என்று சான்ட்ரின் குறைப்பட்டுக்கொண்டாள். சான்ட்ரின் எங்கள் நிர்வாகி, என்னைவிட வயதில் ரொம்பவே சின்னவள். பன்முகத்தன்மை வாரம் என்று ஒன்றை வருடா வருடம் நடத்துகிறாள். அந்த ஒரு வாரம் நான் இந்தியா. மற்ற வாரங்களில் குழந்தைகளுக்குத் துணி மாற்றுகிறவள், மூக்குத் துடைத்துவிடுகிறவள், ஆள் வராத நாளில் தரையையும் துடைக்கிறவள்.

புதுச்சேரியில் சாரம் என்கிற பகுதியில் பிறந்தவள் நான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். குடியுரிமை நிலைத்தது, அவர் நிலைக்கவில்லை. ரெமி என்று ஒரு மகன், கல்லூரியில் படிக்கிறான். பாரிஸ் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் பாரிஸை விட்டு வெகுதூரம் தள்ளி, வாடகை கொஞ்சம் இறங்குகிற ஒரு புறநகரில் இருக்கிறோம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் எனக்கு வேலை. இங்கே க்ரெஷ் என்பார்கள்.

என் பெயர் வசந்தா. அந்தப் பெயரில் இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. வந்த புதிதில் அரசு அலுவலகத்துக்காரி "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அப்பா பெயர்தான் உண்டு என்றேன். இல்லாமல் எப்படி இருக்க முடியும் என்று அப்பா பெயரையே எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் மதாம் கோவிந்தசாமி. மனுஷன் செத்து இத்தனை காலமான பிறகும், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடச் சொல்கிறார்கள்.

2

காப்பகத்து வாசலில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது. கறுப்பாக, வெள்ளையாக, மாநிறமாகப் பிள்ளைகள் கைகோத்து நிற்பார்கள். அதில் ஒரு சிறுமி தலையில் முக்காடு போட்டிருப்பாள். என்னோடு வேலை செய்யும் நயீமா தினமும் காலையில் அந்தப் படத்தைத் தாண்டி உள்ளே வந்து, உடை மாற்றும் அறையில் தன் முக்காட்டைக் கழற்றி வைப்பாள். இங்கே வேலை செய்கிறவர் தலையில் அது இருக்கக் கூடாது, சட்டம். படத்தில் இருக்கலாம். சான்ட்ரினிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "அது வேறு, இது வேறு" என்றாள். எனக்கு இன்றுவரை எது எது என்று விளங்கவில்லை.

பன்முகத்தன்மை, சமத்துவம், எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று எங்களுக்கு ஏகப்பட்ட பயிற்சி கொடுத்துவிட்டார்கள். ஒரு வட்டமாக உட்கார்ந்து நூலுருண்டையை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாட வைத்தார்கள். அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார், கழுத்தில் பாசிமணி, பேச்சில் அருவி. நான் என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் படமும் புரியாது, நூலுருண்டையும் புரியாது. அழுதால் யாரை முதலில் தூக்குகிறார்கள், யாரை "அவன் எப்போதும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரியும். இதைப் பயிற்சியில் சொன்னேன். "அருமையான உணர்வு, மதாம்" என்று சொல்லிவிட்டு நூலுருண்டையை அடுத்தவர் மேல் எறிந்தார் அந்த அருவி.

3

எங்கள் காப்பகத்துப் பெற்றோர் சங்கம் புதுச்சேரியில் ஒரு மழலையர் பள்ளியைத் தத்தெடுத்திருக்கிறது. என் ஊர் என்பதற்காக அல்ல. சங்கத் தலைவி ஒரு முறை சுற்றுலா போனார், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவைத்த ஒயிட் டவுனின் மஞ்சள் சுவரில் மயங்கிவிட்டார், அவ்வளவுதான். வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்கு இலவச இடம். அதற்கான செலவு சங்கத்துடையது.

இந்தச் செய்தியைக் கலையிடம் சொன்னவள் நான்தான். கலை என் தம்பி முருகனின் மனைவி. நகராட்சி ஒப்பந்தத்தில் தெருப் பெருக்குகிறாள், பெரும்பாலும் கடற்கரைச் சாலை. முருகன் ஆட்டோ ஓட்டுகிறான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் யாழினி, நாலு வயது. கலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனாள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"பிரான்சுல சொந்தக்காரங்க யாருனா இருக்காங்களா?"

புதுச்சேரியில் இதைக் கேட்காமல் யாரும் எதையும் இலவசமாகத் தருவதில்லை. பெண் கேட்டு வருகிறவர்களும் இதையே கேட்பார்கள், வேறு ஆசையில். பிரான்சில் ஆள் இருக்கிற வீட்டுக்கு இலவச இடம் கிடையாது என்பது சங்கத்தின் விதி. கலை கண் இமைக்காமல் "ஒருத்தரும் இல்ல மேடம்" என்றிருக்கிறாள். இடம் கிடைத்தது.

பணத்தை நீயே கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. கட்டுகிறேன் என்று சொன்னேன். கலை கேட்கவில்லை. "ஒங்க காசுல படிச்சா, ஒங்களுக்கு வேலை போற அன்னிக்கு எம்பொண்ணு வீட்டுக்கு வந்துடணும் அண்ணி. இது அவளுக்குன்னு கெடச்ச எடம்" என்றாள். ஒரு சம்பளத்தில் இங்கே எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

4

கடந்த முறை அப்பாவின் திதிக்காக ஊருக்குப் போனேன். நான் கிளம்பும் முன்பே சான்ட்ரின் அந்தப் பள்ளிக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்: எங்கள் மதாம் கோவிந்தசாமி வருகிறார், நம் இரு நிறுவனங்களின் பாலம் அவர், விழா ஏதாவது இருந்தால் அழையுங்கள். நான் சாரத்து வீட்டில் பெட்டியைத் திறப்பதற்குள் பள்ளி முதல்வர் ஷர்மிளா மேடத்தின் அழைப்பு வந்துவிட்டது. 'எல்லோரும் சமம்' என்று ஒரு விழா, நான்தான் தலைமை விருந்தினர்.

கலையிடம் சொன்னேன்.

"அண்ணி, அங்க வந்து எங்களத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. பாப்பாவ பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. தெரிஞ்சிச்சின்னா எடம் போயிடும்."

"இன்னாடி பேசற? நான் மேடையில ஒக்காந்திருப்பேன், அவ எதுர்ல நிப்பா. பாக்காம எப்படி இருக்கறது?"

"பாருங்க. யாரோ வூட்டுப் புள்ளயப் பாக்கற மாதிரி பாருங்க."

அப்போதுதான் விழாவில் பிள்ளைக்கு என்ன வேஷம் என்று கேட்டேன். மாறுவேடப் போட்டி இல்லாத மழலையர் பள்ளி நம் ஊரில் உண்டா? கலை ஒரு துணிப்பையை எடுத்து என் முன்னால் கவிழ்த்தாள். பள்ளியிலேயே சின்னதாகத் தைத்துக் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டை, பட்டை பட்டையாக மினுங்கும் துணி வைத்தது. தெருப் பெருக்குகிறவர்கள் போடுவது. கூடவே ஒரு குட்டித் துடைப்பம்.

"போலீசு போடலாம்னுதான் இருந்தேன் அண்ணி. தொப்பிகூட வாங்கிட்டேன். மிஸ்ஸு ஃபோன் பண்ணாங்க. அவங்கவங்க அம்மா அப்பா இன்னா வேலை செய்றாங்களோ அதத்தான் போடணுமாம்."

"முருகன் ஆட்டோ ஓட்டறானே. காக்கிச் சட்டை போட்டு உட வேண்டியதுதான?"

"அத நானும் சொன்னேன். ஆட்டோ ஏற்கெனவே ரெண்டு புள்ளைங்க இருக்காம். பெருக்கறதுக்குத்தான் யாரும் இல்லியாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துடைப்பத்தை எட்டி உதைத்தேன். அது போய்ச் சுவரில் மோதி விழுந்தது. யாழினி ஓடிப்போய் எடுத்து வந்து, பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டு, "எனக்குத் தொப்பிதான் வேணும் அத்த" என்றாள்.

அப்பா மில்லில் வேலைக்குச் சேர்ந்ததை எங்கள் தெருவே கொண்டாடியதாம். எங்கள் தெரு எந்தச் சாதிக்காரர்களின் தெரு என்பதைப் புதுச்சேரியில் உள்ளவர்கள் சொல்லாமலே அறிவார்கள். அவருடைய அப்பா கையிலும் அதற்கு முந்தியவர் கையிலும் இருந்தது துடைப்பம். அதைக் கீழே போடத்தான் மில்லுக்குப் போனார். மில்லை மூடினார்கள். துடைப்பம் மருமகள் கைக்கு வந்தது. இப்போது நாலு வயதுப் பேத்திக்கு அளவெடுத்து ஒன்று செய்திருக்கிறார்கள், அதுவும் சமத்துவத்தின் பெயரால்.

5

மறுநாள் ஷர்மிளா மேடத்தைப் பார்க்கப் போனேன். விழா நிகழ்ச்சி பற்றிப் பேசுகிற சாக்கில் இதைத் தடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கெட்டவர் இல்லை அவர். கைத்தறிப் புடவை, கனிவான குரல், பிள்ளைகளிடம் குனிந்து பேசுகிறார். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம்.

"பிள்ளைங்க அவங்கவங்களுக்குப் பிடிச்ச வேஷம் போட்டுக்கட்டுமே மேடம்?" என்றேன்.

"அப்படி விட்டா எல்லாருமே டாக்டர், போலீஸ், இளவரசிதான் வரும். டைவர்சிட்டி எங்க இருக்கும்? எங்க ஸ்கூல்ல ஸ்வீப்பரோட கொழந்தையும் படிக்குது மேடம். அத நாங்க மறைக்கறது இல்ல, பெருமையா காட்டறோம். உங்க பிரான்சுல எல்லா வேலையும் ஒண்ணுதான? அதத்தான் இங்க கொண்டு வரப் பாக்கறோம்."

"அந்தக் கொழந்தையோட அம்மாவுக்கு இது சம்மதமா?"

"சந்தோஷமா சம்மதிச்சாங்க" என்றார். பொய் சொல்லவில்லை அவர். இடத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்டால், இடம் வேண்டியவள் சந்தோஷமாகத்தான் சம்மதிப்பாள். அந்தச் சந்தோஷத்தைப் பிரித்துப் பார்க்க எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. சாதி என்ற சொல் அந்த அறையில் ஒரு முறைகூட வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் யார், எந்தத் தெரு என்று பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

6

விழாவன்று எனக்குச் சந்தன மாலை போட்டார்கள். முன்வரிசையில் மருத்துவர்கள், விடுதி உரிமையாளர்கள், வெளிநாட்டுக்காரர்கள் சிலர். கடைசி வரிசை ஓரத்தில் கலை. வேலைக்கு விடுப்புப் போட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கழுத்தில் குழாய் தொங்க ஒரு பையன் "ஐ ஆம் எ டாக்டர், ஐ ஹெல்ப் யூ" என்றான். கோட்டு போட்ட ஒரு பையன் விடுதி முதலாளி. அவனும் நமக்கு உதவுகிறானாம். ஆட்டோக்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பிறகு யாழினி வந்தாள். சின்னதாகத் தைத்தும் ஆரஞ்சுச் சட்டை அவள் முட்டிக்குக் கீழே தொங்கியது.

"ஐ ஆம் எ ஸ்வீப்பர். ஐ ஹெல்ப் யூ."

கைதட்டினார்கள், மற்றவர்களுக்குத் தட்டியதைவிடப் பலமாக. அதோடு முடிந்துவிடும் என்றிருந்தேன். முடியவில்லை. மேடை ஓரத்தில் நின்ற டாக்டர், விடுதி முதலாளி, பைலட் எல்லாரும் தங்கள் பையிலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகளை எடுத்து யாழினியின் காலடியில் வீசினார்கள். அவள் பெருக்க வேண்டும். ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள். "இன்டர்ஆக்டிவா இருக்கட்டும்னு நான்தான் சேத்தேன்" என்று ஷர்மிளா மேடம் என் காதில் சொன்னார்.

யாழினி பெருக்கினாள். பெருக்கப் பெருக்கப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, நிறுத்த மனம் வரவில்லை. கூட்டம் சிரித்தது. ஒரு கட்டத்தில் அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. நான் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன், ஆனாலும் பார்த்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"இதப் புடி" என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினாள்.

என் வாழ்க்கையில் ஆயிரம் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன், ஒரு முறையும் பயந்ததில்லை. அன்று பயந்தேன். தூக்கினால் காட்டிக்கொடுத்தவள் ஆவேன், தூக்காவிட்டால் மனுஷியே இல்லை. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் கலை எழுந்து நின்றுவிட்டாள். யாழினி என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அத்த, வூட்டுக்குப் போலாம்" என்று முனகினாள். ஷர்மிளா மேடம் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். நன்றாகக் கேட்டிருக்கும்.

கேட்டது. அவர் கண்களில் நீர் தளும்பியது. "பாத்தீங்களா மேடம், அதுக்கு வித்தியாசமே தெரியல. உங்கள அத்தைன்னு கூப்புடுது!" என்றார். ஒலிபெருக்கியை வாங்கி, "பிரான்ஸிலிருந்து வந்த நம் விருந்தினர், நம் ஸ்வீப்பரின் குழந்தையை மடியில் வைத்திருக்கிறார், இதுதான் இன்க்ளூஷன்" என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். படம் பிடித்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. முருகனை அச்சில் வார்த்த மாதிரி. அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தலைமை விருந்தினர் நாற்காலிக்கும் துடைப்பத்துக்கும் நடுவே உறவு இருக்கலாம் என்று நினைக்க அவர்களுக்கு வழியே இல்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். "அடுத்த வருஷம் டாக்டர் வீட்டுப் பிள்ளை கையில் துடைப்பத்தைக் கொடுங்கள், இந்தப் பிள்ளை காகிதம் போடட்டும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் நல்ல நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கலை கேட்ட முதல் கேள்வி, "யாரும் கண்டுபுடிக்கல இல்ல?" என்பதுதான். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் அந்தப் பேச்சு பேசினீங்க? நீங்க பிளேன் ஏறிப் போயிடுவீங்க. தெனம் அந்த வாசல்ல போயி நிக்கறது நான்." அவள் அழவில்லை, கத்தவுமில்லை. சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள், பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டுமாம்.

7

திரும்பி வந்ததும் ரெமியிடம் விழாவில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். பாதிக்கு மேல் அவன் பார்க்கவில்லை. "இதில் என்ன தப்பு?" என்று பிரெஞ்சில் கேட்டான். "நீயும்தானே தரை துடைக்கிறாய்? துடைப்பம் பிடித்தால் அவமானமா? நீதான் அந்த வேலையைக் கேவலமாக நினைக்கிறாய், அம்மா."

நல்ல பிள்ளை, சமத்துவம் படித்த பிள்ளை. சாதி என்ற நாற்றம் இவன் மூக்குக்கு எட்டக் கூடாது என்று நானே பொத்திப் பொத்தி வளர்த்தேன். இப்போது அவன் எனக்கே பாடம் எடுக்கிறான். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பிரெஞ்சில் அதற்குச் சொல் வரவில்லை, தமிழில் சொன்னால் அவனுக்குப் புரியாது. சாப்பிடு, ஆறிவிடும் என்றேன்.

8

இந்த வாரம் பன்முகத்தன்மை வாரம் தொடங்கியது. காலையில் போனால், நுழைவறைச் சுவரில் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். என் கழுத்தில் மாலை, ஒரு கையில் துடைப்பம், மடியில் யாழினி. பள்ளியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் முகம் பாதிதான் தெரிகிறது. அழுகிறாள் என்பது தெரியவில்லை, சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

மாலையில் பிள்ளையை அழைத்துப்போகச் சங்கத் தலைவி வந்தார். இலவச இடங்களை வைப்பதும் எடுப்பதும் அவர்தான். அப்போது நான் ஒரு குழந்தைக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"எவ்வளவு அழகான குழந்தை! யார் இது, மதாம் கோவிந்தசாமி?"

நாள் முழுக்க அந்தப் படத்தைக் கடந்து கடந்து போயிருந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என் தம்பி மகள்."

சொன்ன அந்த நொடியில் கலை தினமும் போய் நிற்கிற அந்த வாசல் என் கண்முன் மூடியது. மாட்டிய காலணியின் வாரை அவிழ்த்து மறுபடியும் மாட்டினேன். தலைவி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

சான்ட்ரின் சிரித்தபடி குறுக்கே வந்தாள். "இல்லை, இல்லை, அது அந்தப் பள்ளியில் படிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் பெண். இந்தியாவில் எல்லாரையும் இப்படித்தான் அக்கா, தம்பி, மகள் என்று சொல்வார்கள். ஊரே ஒரே குடும்பம் அவர்களுக்கு."

"நாம் இதையெல்லாம் தொலைத்துவிட்டோம்" என்று தலைவி பெருமூச்சு விட்டார். என் தோளைத் தொட்டு, "அப்படித்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். "எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவுதான்."